கதவச்சாத்து மேடம்

அந்த ஆராய்ச்சி நிலையத்தின் மூன்றாவது மாடியில் வேலை பார்க்கிறவர்களுக்கு அவளுடைய நிஜப் பெயர் மறந்துபோய்ப் பல காலம் ஆகிறது. எதிரில் மேடம் என்பார்கள். அவள் அந்தப் பக்கம் போனதும் கதவச்சாத்து என்பார்கள். யார் அவள் அறைக்குள் நுழைந்தாலும் வணக்கத்துக்கு முன்னால் அவள் வாயிலிருந்து வருவது அதுதான்: "கதவ சாத்துங்க." இரண்டாவது முறை சொல்ல வேண்டி வந்தால் அந்த 'ங்க' போய்விடும். மூன்றாவது முறைக்கு யாரும் நின்றதில்லை. வந்த வேலையை மறந்துவிட்டு ஓடியிருப்பார்கள்.

சிலருக்கு மூக்கின் மேல் கோபம் வரும். இவளுக்கு மூக்கு, காது, முழங்கை என்று எங்கே தொட்டாலும் வரும். அதற்காகப் பொல்லாதவள் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அவள் கோபப்பட்ட விஷயங்களை வரிசையாக எடுத்துப் பார்த்தால் பத்தில் ஒன்பது நியாயமாகத்தான் இருக்கும். இந்தக் கதை அந்தப் பத்தாவதைப் பற்றியது. அதிலும் நியாயம் அவள் பக்கம்தான் இருந்தது, அதுதான் கொடுமை.

அவள் அறைக்குள் எப்போதும் மஞ்சள் வெளிச்சம்தான். ஜன்னல் கண்ணாடி முழுக்க மஞ்சள் தாள் ஒட்டியிருக்கும். மேலே எரிகிற குழல் விளக்குகளுக்கும் மஞ்சள் உறை. உள்ளே நிற்கிற எவரும் காமாலை முற்றியவர் போலத் தெரிவார். வருகிற ஒவ்வொருவரும் இந்த நகைச்சுவையைத் தாங்கள்தான் முதலில் கண்டுபிடித்தது போலச் சொல்லிவிட்டுச் சிரிப்பார்கள். அவள் ஒருமுறைகூடச் சிரித்ததில்லை.

எல்லாம் அவள் மேஜை மேல் இருந்த ஒரு திரவத்துக்காக. பார்ப்பதற்கு வெந்நீரில் கரைத்த ஜெலட்டின் மாதிரி வழவழப்பாக இருக்கும். வெளிச்சம் பட்டால் இறுகுகிற மாதிரி அதில் ஒரு பொருளைக் கலந்திருப்பார்கள். மஞ்சள் வெளிச்சம் அதை ஒன்றும் செய்யாது. ஊதா வெளிச்சம் பட்டால் பட்ட இடம் ஜெல்லாக இறுகிவிடும். மனித உடம்பிலிருந்து எடுத்த செல்களை அந்தத் திரவத்தில் கலந்து, தட்டில் மெல்லியதாகப் பரப்பி, கணினியில் வரைந்து வைத்த கோடுகளை ஊதா வெளிச்சமாக அதன்மேல் விழச் செய்வாள். கோடு விழுந்த இடம் இறுகும். விழாத இடத்தை வெதுவெதுப்பான நீரால் கழுவினால் போய்விடும். மிஞ்சுவது தலைமுடி அளவுக் கோடுகள், அவற்றுக்குள்ளே உயிரோடு செல்கள். கோடுகளுக்கு நடுவே இடைவெளி இருப்பதால் ஊட்டநீர் எல்லாப் பக்கமும் போய்ச் சேரும். வெளிச்சம் கூடிப்போனால் ஜெல் விறைத்துவிடும், செல்கள் கைகால் நீட்ட முடியாமல் சுருண்டுகொள்ளும். குறைந்துபோனால் கழுவும்போதே கரைந்து ஓடிவிடும். சாதாரணப் பகல் வெளிச்சத்திலும் அந்த ஊதா ஒளிந்திருக்கிறது என்பதுதான் வம்பு. கதவைத் திறந்து போட்டால் அது கேட்காமலே உள்ளே வந்து வேலையைத் தொடங்கிவிடும்.

அவளுடைய அண்ணன் இதையெல்லாம் ஒரே வரியில் சொல்லிவிடுவான்.

"நாங்க சட்டையில பண்றத நீ சதையில பண்ற. மத்தபடி ஒரே தொழில்தான்."

அது வெறும் கிண்டல் இல்லை. அவர்கள் குடும்பத்துக்குச் சட்டையிலும் துணிப்பையிலும் படம் அச்சடிக்கிற கடை உண்டு. இன்றைக்கும் அண்ணன் அதை அமோகமாக நடத்துகிறான். அவள் சின்னவளாக இருந்தபோது வீட்டின் பின்னறையில்தான் அப்பா சட்டகம் தயார் செய்வார். வலைத்துணியில் ஒரு பசையைப் பூசி, மஞ்சள் விளக்கில் காயவைத்து, கறுப்பில் வரைந்த படத்தை மேலே வைத்து வெளிச்சத்தைக் காட்டுவார். வெளிச்சம் பட்ட பசை இறுகும், படத்துக்கு அடியில் இருப்பது தண்ணீரில் கழுவிக்கொண்டு போகும். நடுவில் யாராவது கதவைத் திறந்தால் மொத்தப் பசையும் இறுகி, அந்தச் சட்டகம் எதற்கும் ஆகாமல் போய்விடும். அப்பா நல்ல மனிதர், கதவு சாத்தியிருக்கும்வரை. திறந்தால் அவர் போடுகிற சத்தத்தில் பக்கத்து வீட்டுக் குழந்தை தூக்கத்திலிருந்து எழுந்து அழும். வீட்டில் மூன்று பேரும் அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள்தான்.

ஒருநாள் அம்மா கடைக்குப் போய் ஒரு தாழ்ப்பாள் வாங்கிவந்தாள். தானே ஆணியடித்து அந்தக் கதவின் உள்பக்கம் மாட்டினாள்.

"இனிமே தாழ்ப்பாள போட்டுக்கிட்டு வேலைய பாருங்க. எங்க காதாவது பொழைக்கட்டும்."

அதற்குப் பிறகு ஒரு சட்டகமும் வீணாகவில்லை. கோபம் மட்டும் அப்பாவை விட்டுப் போக மனமில்லாமல் சாப்பாட்டில் உப்பு, தெருவில் ஹாரன் என்று வேறு வேலை தேடிக்கொண்டது. மகள் அவரிடமிருந்து தொழிலை எடுத்துக்கொண்டு படித்து, பட்டம் வாங்கி, பெரிய நிலையத்துக்கு வந்து சேர்ந்தாள். அவருடைய தொண்டையும் கூடவே வந்துவிட்டது.

வந்த புதிதில் அவளும் தாழ்ப்பாள்தான் கேட்டாள். அலுவலகத்தில், தீப்பிடித்தால் ஆபத்து, உள்ளே தாழ்ப்பாள் கூடாது என்றார்கள். சரி, அது நியாயம். வேலை நடக்கும்போது வெளியே ஒரு சிவப்பு விளக்கு எரியட்டும் என்றாள். நடைக்கூடத்தின் அழகுக்குச் சரிவராது என்றார்கள். அதில் என்ன நியாயம் இருக்கிறதென்று கேட்டு அவள் அலுவலகத்தையே இரண்டாக்கினாள். கடைசியில் ஓர் அட்டையில் 'திறக்காதீர்கள்' என்று கொட்டை எழுத்தில் எழுதிக் கதவில் ஒட்டினாள். எல்லாரும் அதைப் படித்துக்கொண்டே உள்ளே வந்தார்கள். வேறு வழியில்லாமல் வாயையே தாழ்ப்பாளாக வைத்துக்கொண்டாள்.

பள்ளி வேன் ஓட்டும் பெண் ஒருத்தி ஒருநாள் காலையில் அந்த அட்டையைத் தாண்டி உள்ளே வந்தாள். ஐம்பதைத் தொட்ட உருவம், முன்கை இரண்டும் உருண்டு திரண்டு, முகம் மட்டும் அண்மையில் வற்றிப்போயிருந்தது. நிலையத்தை ஒட்டியிருந்த மருத்துவமனையில் சிகிச்சைக்குச் சேர்ந்தவள். கல்லீரலில் கட்டி. கொடுத்த முதல் மருந்து அதை அசைக்கவே இல்லை.

"கதவ சாத்துங்க," என்றாள் கதவச்சாத்து, திரும்பாமலே.

"வரும்போதே சாத்திட்டேன். திரும்பிப் பாத்துட்டுப் பேசுங்க."

திரும்பினாள். கதவு நன்றாகத்தான் சாத்தியிருந்தது. அந்த மாடியில் அவளுக்கு இப்படிப் பதில் சொன்ன முதல் ஆள் இவள்தான்.

"டாக்டர் என்னை அனுப்பல, நானாத்தான் வந்தேன். என் உடம்புல இருந்து சதை எடுத்து இங்க அனுப்பப் போறாங்களாம். எங்க வைக்கப் போறீங்கன்னு பாக்கணும்."

கதவச்சாத்து நாற்காலியை இழுத்துப் போட்டாள். தட்டைக் காட்டினாள், ஊதா விளக்கைக் காட்டினாள், நுண்ணோக்கியில் யாருடையதோ கோடுகளைப் பார்க்கச் சொன்னாள். இன்னும் மூன்று மருந்துகள் மிச்சம் இருக்கின்றன, அவற்றில் எது வேலை செய்யும் என்று தெரியாது என்றாள்.

"டாக்டருக்கே தெரியாதா?"

"தெரியாது. ஒண்ணு கொடுத்துப் பாத்து, கேக்கலன்னா இன்னொண்ணுன்னு போக உங்க உடம்புல இப்ப தெம்பு இல்ல. ஒண்ணத்தான் தாங்கும். அதனால மூணையும் முதல்ல இந்தத் தட்டுல இருக்கற உங்க செல்லுங்களுக்குக் கொடுத்துப் பாப்போம். எதுல அதுங்க சாகுதோ அத உங்களுக்குக் கொடுப்பாங்க."

"அதுங்க செத்தா நான் பொழச்சுக்குவேன்."

"பொழைக்கலாம். சத்தியமெல்லாம் பண்ண மாட்டேன்."

"பண்ணாதீங்க. பண்ணினவங்கள நிறைய பாத்துட்டேன்," என்று எழுந்தாள் வேன்காரம்மா. போகும்போது கதவைச் சாத்தி, சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று வெளியிலிருந்து ஒருமுறை தள்ளியும் பார்த்தாள். கதவச்சாத்துவுக்கு அந்தக் கணமே அவளைப் பிடித்துப்போயிற்று.

மறுநாள் விலாவுக்குக் கீழே நீள ஊசியைக் குத்திச் சதை எடுத்தார்கள். உள்ளே ரத்தம் கசிந்து வேன்காரம்மா ஒரு நாள் முழுக்க அசையாமல் படுத்துக் கிடந்தாள். வந்து சேர்ந்த சதை அரிசி மணி அளவுகூட இல்லை. அதைப் பதமாகக் கரைத்து, செல்களைப் பிரித்து, கழுவி எடுத்தால் குழாயின் அடியில் ஒரு வெள்ளைப் புள்ளி. இதில் பாதியை எடுத்து வைத்துக்கொண்டு மீதியில் செய்யலாம் என்கிற பேச்சுக்கே இடமில்லை. அத்தனையும் ஒரே சிரிஞ்சில்தான் போக வேண்டும்.

இரண்டு நாள் கழித்துச் செல்கள் தயாராயின. அன்றைக்கென்று பார்த்து நிலையத்தின் புது இணையதளத்துக்குப் படம் எடுக்க ஒரு புகைப்படக்காரர் வந்தார். இயக்குநரே அவருக்கு மாடி மாடியாகச் சுற்றிக்கொள்ள அனுமதி கொடுத்திருந்தார். அட்டையைப் படித்துக்கொண்டே அவரும் உள்ளே வந்தார். கதவச்சாத்து அப்போது மூலையில் இருந்த கண்ணாடிப் பெட்டிக்குள் கையை விட்டுச் செல்களைத் திரவத்தோடு கலந்துகொண்டிருந்தாள். அந்தப் பெட்டியின் காற்றாடிச் சத்தத்தில் காலடி கேட்கவில்லை, பெட்டிக்குள் எரிந்த மஞ்சள் விளக்கில் வெளியே அறை வெளுத்ததும் தெரியவில்லை. எல்லாவற்றையும் குமிழி இல்லாமல் சிரிஞ்சில் இழுத்து, எழுந்து திரும்பினாள்.

அறை வெள்ளையாக இருந்தது. ஜன்னலின் மஞ்சள் தாளை மேலிருந்து கீழாக உரித்துத் தரையில் போட்டிருந்தார் அந்த மனிதர். நடுப்பகல் வெயில் மேஜை முழுக்க அடித்தது. போதாக்குறைக்கு ஒரு முக்காலியில் வெள்ளை விளக்கு ஒன்றையும் ஏற்றி வைத்திருந்தார்.

"மஞ்சள்ல முகமெல்லாம் நோயாளி மாதிரி வருது மேடம். ரெண்டே நிமிஷம். கையில இருக்கறத கொஞ்சம் தூக்கிப் பிடிங்க."

அடுத்து நடந்ததை அந்த மாடியில் இன்றும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள். அவள் தொடங்கியது அவருடைய படிப்பில். பிறகு கண்பார்வைக்குப் போனாள். தமிழ் படிக்கத் தெரியுமா, தெரியுமென்றால் கதவில் இருப்பது கோலமா எழுத்தா என்று கேட்டாள். உன் வீட்டில் யாராவது குளித்துக்கொண்டிருந்தால் அப்போதும் இப்படித்தான் கேமராவோடு நுழைவாயா என்று நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டாள். அவர் இயக்குநர் பெயரைச் சொன்னார். அது தப்பாகப் போயிற்று. தாழ்ப்பாள் தராதது, சிவப்பு விளக்கு தராதது என்று இத்தனை ஆண்டுகளாகச் சேர்த்து வைத்ததெல்லாம் வரிசைகட்டி வந்தது. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் கையை ஓங்கி ஓங்கிப் பேசினாள். நடுவில் கேமரா ஒருமுறை சொடுக்கியதுகூட அவள் காதில் விழவில்லை. பக்கத்து அறைக்காரர்கள் வேலையை விட்டுவிட்டு நடைக்கூடத்தில் கூடிவிட்டார்கள். அவருக்கு முகம் செத்துப்போயிற்று. விளக்கை மடக்கினார், பையைக் கட்டினார், மன்னிப்புக் கேட்டார். அப்போதும் அவள் விடவில்லை, படிக்கட்டுவரை துரத்திக்கொண்டு போய்த் திட்டிவிட்டு வந்தாள். திட்டி முடித்தபோது அவளுக்கு உடம்பே லேசானது மாதிரி இருந்தது.

தாளை எடுத்து மறுபடி ஒட்டினாள். உட்கார்ந்தாள். சிரிஞ்சின் முனையைத் தட்டில் வைத்து அழுத்தினாள். அது நகரவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தினாள். முனையிலிருந்து திரவம் வரவில்லை. புழு மாதிரி கெட்டியாக ஒரு துண்டு வந்து தட்டில் விழுந்து அப்படியே கிடந்தது.

ஜெல்லைக் கரைக்கிற நொதியை ஊற்றிப் பார்த்தாள். சாயங்காலம்வரை அதோடு மல்லுக்கட்டினாள். கரைந்து வந்த செல்களில் பெரும்பாலானவை செத்திருந்தன, மிச்சம் இருந்தவை ஒரு மருந்துக்குக்கூடப் போதாது. அவள் இயக்குநரின் அறைக்குள் நுழைந்தபோது கண் சிவந்திருந்தது.

இயக்குநர் குரலை உயர்த்தாதவர். அவர் அறையில் மின்விசிறிகூட மரியாதையாகச் சுற்றும். அவள் கொட்டியதையெல்லாம் தலையாட்டிக் கேட்டுவிட்டு, "வருத்தமான விஷயம்தான்," என்றார். "மாதிரி போதலன்னு அவங்க டாக்டருக்குச் சொல்லிடலாம். இது அடிக்கடி நடக்கறதுதான. யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க."

"போதலையா? அந்தம்மா குடுத்தது போதும் சார். கொன்னது நம்ம."

"நம்மன்னு சொல்றப்ப அதுல நீங்களும் இருக்கீங்க," என்றார் அவர், அதே மெல்லிய குரலில். கணினித் திரையை அவள் பக்கம் திருப்பினார். "திட்டு வாங்கிட்டுப் போனாலும் மனுஷன் படத்த அனுப்பிட்டார். பாருங்க, நல்லாத்தான் வந்திருக்கு."

படத்தில் அவள்தான். வாய் திறந்திருந்தது, கழுத்து நரம்பு புடைத்திருந்தது. ஓங்கிய கையில் சிரிஞ்சு. வெயில் அதன்மேல் நேராக விழுந்து கண்ணாடித் துண்டு போல மின்னியது. அவள் முழங்கைக்குப் பக்கத்தில், மேஜை மேல், அலுமினியத் தாள் சுற்றிய டப்பா மூடி திறந்து இருந்தது. வெளிச்சம் படாமல் சிரிஞ்சை வைப்பதற்கென்று அவளே செய்து வைத்திருந்த டப்பா. கையைக் கொஞ்சம் இறக்கினால் போதும், உள்ளே போட்டு மூடியிருக்கலாம். போட்டுவிட்டு ஆசைதீர ஒரு மணி நேரம் திட்டியிருக்கலாம்.

சிரிஞ்சு நகராமல் நின்ற அந்த நொடியிலேயே அவளுக்கு இது தெரியும். தெரிந்ததைத் தன்னிடம் சொல்லிக்கொள்ளாமல் இருக்கத்தான் சாயங்காலம்வரை புகைப்படக்காரரை மனதுக்குள் வறுத்தெடுத்துக்கொண்டிருந்தாள். இப்போது படம் அதைச் சொல்லிவிட்டது. அதற்கும் கோபம்தான் வந்தது. பூசி மெழுகப் பார்க்கிற இந்த மனிதர்மேல் கோபம், அந்தப் படத்தின்மேல் கோபம், அதில் வாயைத் திறந்துகொண்டு நிற்கிறவள்மேல் எல்லாவற்றையும்விடக் கோபம்.

"நானே போய்ச் சொல்லிக்கறேன்," என்று எழுந்தாள்.

"யோசிச்சுச் செய்ங்க. வேலை விஷயம்."

அவள் கதவைச் சாத்தாமல் போனாள். அவளைத் தெரிந்த எவரும் பார்த்திராத காட்சி அது.

மருத்துவமனைக்குப் போகிற வழியெல்லாம் சொல்ல வேண்டியதை மனதில் அடுக்கினாள். அதில் புகைப்படக்காரர் வந்தார், இயக்குநர் வந்தார், தாழ்ப்பாள் வந்தது. வேன்காரம்மா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து ஜன்னல் வழியாகச் சாலையில் போகிற வண்டிகளைக் குறை சொல்லிக்கொண்டிருந்தாள். இவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. கதவச்சாத்து நின்றபடியே, அடுக்கி வைத்த வரிசையில் எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். மறுபடி ஊசி குத்திச் சதை எடுத்தால்தான் உண்டு என்றும் சொன்னாள்.

வேன்காரம்மா ஒரு கையை விலாவின்மேல் வைத்துக்கொண்டாள்.

"அவன் தாள உரிச்சான், வெளக்கு போட்டான். சரி. நீங்க என்ன பண்ணிட்டு இருந்தீங்க?"

"அவர திட்டிட்டு இருந்தேன்."

"கையில என்ன இருந்துச்சு?"

அடுக்கிய வரிசையில் அவள் இதைச் சேர்த்திருக்கவில்லை. "உங்க செல்லுங்கதான்," என்றாள். "டப்பா பக்கத்துலயே இருந்துச்சு. போட்டு மூடியிருக்கலாம். மூடல."

வேன்காரம்மா முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தாள். பேசியபோது 'நீங்க' போய்விட்டிருந்தது.

"என் வண்டியில பின்னாடி முப்பது புள்ளைங்க உக்காந்திருக்கும். ஒண்ணு கத்தும், ஒண்ணு கடிக்கும், ஒண்ணு ஜன்னலுக்கு வெளிய தலைய நீட்டும். எனக்கு வராத கோவமா உனக்கு வந்துடுச்சு? ஓட்டும்போது நான் ஒரு நாளும் திரும்பித் திட்டினதில்ல. ஓரமா நிறுத்துவேன். ஹேண்ட்பிரேக்க இழுப்பேன். சாவிய எடுத்துப் பையில போடுவேன். அப்புறம் எழுந்து நின்னு கிழிப்பேன் பாரு, ஒரு வாரத்துக்கு ஒண்ணும் மூச்சு விடாது. உன் கையில நான் இருந்தேன். என்னை வெயில்ல புடிச்சுக்கிட்டு எவனோடயோ சண்டை போட்டிருக்க."

அடுத்த கட்டிலில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். செவிலி எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். வேன்காரம்மாவின் குரல் ஏறிக்கொண்டே போயிற்று. அந்த ஊசி எப்படி வலித்தது என்று சொன்னாள். அசையாமல் படுத்திருந்த நாளில் சிறுநீர் கழிக்க அடுத்தவர் கையைப் பிடிக்க வேண்டியிருந்ததைச் சொன்னாள். தனக்குப் பதில் வேனை ஓட்டுகிறவன் வளைவில் வேகம் குறைக்கத் தெரியாதவன், அவனைப் போய் நிறுத்த வேண்டும், போக உயிர் வேண்டும் என்றாள். படித்தவளுக்கு வாயை மூடிக்கொள்ள ஒரு பாடம் நடத்த மாட்டார்களா என்று கேட்டாள்.

கதவச்சாத்துவின் வாய்க்குள் பதில்கள் இருந்தன. வழக்கமாக இருப்பவைதான், கூர்மையாக, தயாராக. ஒன்றையும் எடுக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு கடைசிச் சொல்வரை நின்று வாங்கிக்கொண்டாள். அப்பாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதற்குப் பிறகு அவள் இப்படி நின்றது அன்றைக்குத்தான். அழுகை வந்தது. அதையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்துக்கொண்டாள்.

மூச்சு வாங்கி நிறுத்தினாள் வேன்காரம்மா. தண்ணீர் குடித்தாள்.

"போதலன்னு சொல்லியிருந்தா நான் நம்பியிருப்பேன்ல?"

"நம்பியிருப்பீங்க."

"அந்தக் கதவுக்கு ஏன் ஒரு தாழ்ப்பாள் இல்ல?"

"கேட்டேன்க்கா. தரல."

வேன்காரம்மா விலாவைத் தடவிக்கொண்டே யோசித்தாள். "டாக்டர்கிட்ட நான் சொல்லிக்கறேன். இன்னொரு தடவ குத்தட்டும். ஆனா நீ அத கையில எடுக்கற நேரத்துக்கு ஆள் அனுப்பு. நான் வருவேன்."

டாக்டர் இருவரையும் சேர்த்துத் திட்டினார். இது முடியவில்லை என்றால் அடுத்த வாரம் கண்ணை மூடிக்கொண்டு ஏதோ ஒரு மருந்தைத் தொடங்கப்போவதாகச் சொன்னார். ஊசி போட்டார்கள். இந்த முறையும் வலித்தது, ஆனால் கசியவில்லை. வந்த சதையும் முன்னதைவிடப் பெரிதில்லை.

செல்கள் தயாரான அன்று வேன்காரம்மா சக்கர நாற்காலியில் வந்தாள். மூன்றாவது மாடி நடைக்கூடத்தில், மஞ்சள் அறையின் கதவுக்குக் குறுக்கே அதை நிறுத்தச் சொன்னாள். சக்கரங்களின் பிரேக்கைத் தன் கையால் போட்டாள். அழைத்து வந்த செவிலியைப் போகச் சொன்னாள்.

"நீ உள்ள போ. நான் இருக்கேன்."

கதவச்சாத்து உள்ளே போனாள். முதலில் டப்பாவின் மூடியைத் திறந்து வலது கைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். செல்களைக் கலந்தாள். இழுத்தாள். சிரிஞ்சோடு அவள் திரும்பியபோது வெளியே காலடிச் சத்தம் கேட்டது. ஒருவர் இல்லை, நாலைந்து பேர்.

"யாரும்மா நீங்க? கொஞ்சம் வழிய விடுங்க." இயக்குநரின் மெல்லிய குரல். "நான் இந்த நிலையத்தோட இயக்குநர்."

"இருங்க சார். நான் உள்ள இருக்கற கல்லீரலோட சொந்தக்காரி."

"விருந்தினர்லாம் வந்திருக்காங்க. இந்த மஞ்சள் ரூம ஒரு தடவ காட்டிட்டுப் போயிடறோம். ரெண்டே நிமிஷம்."

"போன தடவையும் ரெண்டே நிமிஷம்தான் சொன்னாங்களாம்."

"பாருங்க, இப்படிக் கதவ மறிச்சு உக்கார்றதுக்கு இங்க அனுமதி இல்ல. அவங்கள வெளிய வரச் சொல்லுங்க. மேடம், கேக்குதா? மேடம்?"

கேட்டது. அவள் காதுமடல் சுட்டது. அனுமதி என்கிற சொல்லுக்கு அவளிடம் ஒன்பது பதில் இருந்தது. அதில் மூன்றாவதை அந்த விருந்தினர்கள் முன்னால் சொன்னால் மனிதர் ஓய்வு பெறுகிறவரை மறக்க மாட்டார். நாக்கு நுனிவரை வந்த அதை விழுங்கினாள். திரவத்தைத் தட்டில் விட்டாள். சீராக ஓடிப் பரவியது. ஊதா விளக்கைப் போட்டாள். கோடுகள் ஒவ்வொன்றாக விழுந்து இறுகின. வெளியே குரல்கள் ஏறின. வேன்காரம்மா பிள்ளைகளிடம் பேசுகிற குரலில் ஒருவரைக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கச் சொல்வது கேட்டது. கதவச்சாத்து வெதுவெதுப்பான நீரை ஊற்றிக் கழுவினாள். மருந்து வைக்க வேண்டிய மூன்று தட்டுகளையும் அதே மாதிரி முடித்து, நுண்ணோக்கியில் குனிந்தாள். கோடுகள் விளிம்பு பிசகாமல் நின்றன. அவற்றுக்குள் வேன்காரம்மாவின் செல்கள் உருண்டையாக, பளிச்சென்று, உயிரோடு இருந்தன. சாக வேண்டியவைதான். ஆனால் சரியான மருந்தில் சாக வேண்டியவை.

தட்டுகளை உடம்புச் சூட்டில் வைத்திருக்கும் பெட்டிக்குள் வைத்து அதன் கதவைச் சாத்தினாள். விளக்கை அணைத்தாள். கையுறைகளைக் கழற்றித் தொட்டியில் போட்டாள். இரண்டு கையும் காலியாக இருக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டாள். பிறகு அறைக் கதவைத் திறந்து வெளியே வந்து, பின்னால் அதை இழுத்துச் சாத்தினாள்.

இயக்குநர் முகத்தில் நிம்மதி வந்தது. "அப்பாடா. மேடம், இவங்ககிட்ட கொஞ்சம் சொல்லுங்க."

அவள் வேன்காரம்மாவைப் பார்த்தாள்.

"வண்டிய நிறுத்திட்டேன்க்கா," என்றாள். அப்புறம் இயக்குநர் பக்கம் திரும்பினாள்.